சுத்தமான கரண்ட்

பிரிக்பீல்ட்ஸ்
3 ஆகஸ்ட் 2025

புனிதாவுக்கு,

ரமணியின் இடுப்பு எப்படி இருக்கிறது? உன் தங்கைக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று பிரவின் ஈப்போவிலிருந்து சொன்னான். என் போனை நீ எடுப்பதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அம்மாகிட்ட பேசணும்னா எழுதுங்கப்பா. உங்க குரலைக் கேட்டாலே அவங்களுக்குச் சண்டை வருதாம்" என்றான். பெற்ற மகன் நமக்குத் தூது. சரி, எழுதுகிறேன். காலமெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து அறிக்கை எழுதியவனுக்கு ஒரு கடிதம் எழுத வராதா?

நீ போன அன்று மாலை நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். நாதஸ்வர இசைத்தட்டின் முதல் பக்கம் முடிந்து எழுந்தேன். வீட்டில் நீ இல்லை. 'ரமணி விழுந்துட்டா, கிள்ளான் போறேன்' என்று மேசையில் ஒரு சீட்டு. தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனால் ஐஸ்பெட்டி ஓடவில்லை. பழுதோ என்று பார்த்தேன். பழுதில்லை. சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நான் குற்றம் சாட்டவில்லை, கேட்கிறேன். கோபம் என் மேல் என்றால் என்னைத் திட்டியிருக்கலாம். சோற்றின் மேல் ஏன் காட்ட வேண்டும்? நீ சமைத்து மேல்தட்டில் பெட்டி பெட்டியாக உறைய வைத்திருந்த அத்தனையும் கெட்டிருக்கும். நல்லவேளை, அப்போதே பார்த்துச் சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. நீ போனதிலிருந்து பாட்டு செட்டும் சரியில்லை. திடீரென்று ஸ்பீக்கரில் 'டக்' என்று ஒரு சத்தம், அதன் பிறகு பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல். நாதஸ்வரம் தகரத்தில் ஊதியது போல் வருகிறது. ஆம்பிளிஃபயருக்குக் கரண்ட் கொண்டுவரும் தடித்த கேபிள், நான் முதன்முதலில் வாங்கினேனே, அதற்கு வயதாகிவிட்டது என்று நினைக்கிறேன். முதலில் பிளக்கை மாற்றிப் பார்க்கப் போகிறேன்.

புளிக்குழம்பு எத்தனை நாள் தாங்கும்? அதற்காவது பதில் போடு.

சிவநேசன்


கிள்ளான்
11 ஆகஸ்ட் 2025

பிரவின் அப்பாவுக்கு,

ரமணி தேறி வருகிறாள். வாக்கரைப் பிடித்து வாசல் வரை நடக்கிறாள், நடக்கும்போதெல்லாம் என்னை ஏசுகிறாள். ஏச்சு வந்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

நடந்ததைப் பார்த்தபடி எழுதினேன் என்கிறீர்கள். பார்க்காத ஒன்றை நான் எழுதுகிறேன், ஏனென்றால் அப்போது உங்கள் கண் மூடியிருந்தது. ரமணி குளியலறையில் விழுந்து கிடக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். ஹாலுக்கு ஓடி வந்தேன். "என்னங்க" என்றேன். நீங்கள் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலைத் தூக்கினீர்கள். பேசாதே, தட்டு ஓடுகிறது என்று அர்த்தம். நின்று பார்த்தேன். விரல் இறங்கவில்லை. சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கோமுட்டர் ரயில் ஏறினேன்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த விரலோடுதான் குடும்பம் நடத்துகிறேன். மழை வருகிறது, துணி எடுக்க வேண்டும் என்றாலும் விரல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் விரல். அன்றைக்கும் அதே விரல்தான் என்றதும் எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. ரமணிக்காக வந்தேன் என்று ஊருக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு உண்மை தெரியட்டும்.

ஐஸ்பெட்டியைக் கோபத்தில் அணைக்கவில்லை. கோபம் வந்தால் அணைப்பதற்கு அந்த வீட்டில் வேறொரு பெட்டி இருக்கிறது, அதை நான் ஒருநாளும் தொட்டதில்லை. இது ஏன் அணைந்திருந்தது என்பதை இப்போது எழுத மனமில்லை.

புளிக்குழம்பு மூன்று மாதம் தாங்கும். உறைந்தபடியே அடுப்பில் வைத்துக் கருக்காதீர்கள், காலையிலேயே கீழ்த்தட்டுக்கு இறக்கி வையுங்கள். நண்டு ரசம் ஒரே ஒரு பெட்டிதான். சளி பிடித்தால் குடிக்க வைத்தது, வீணாக்க வேண்டாம்.

இங்கே துறைமுகத்துக்குப் போகும் லோரிச் சத்தம் ஓய்வதில்லை. வீட்டுக்குள்ளே ரமணியின் டிவி. உங்கள் தவில் தட்டு என்ன ஆயிற்று என்று சில நேரம் நினைத்துக்கொள்கிறேன்.

புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
28 ஆகஸ்ட் 2025

புனிதாவுக்கு,

விரலைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

பிளக்கை மாற்றினேன். ரோடியம் பூசியது, வெள்ளி போல மின்னும். பயனில்லை. பிளக்குக்குள் இருக்கும் ஃபியூசை மாற்றினேன். பயனில்லை. கேபிள் தரையில் பட்டால் சத்தம் மங்கும் என்பார்கள், அதனால் அதைத் தூக்கி வைக்கச் சின்னச் சின்ன மரக்கட்டைகள் வாங்கினேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். கேபிளுக்கு மணை போட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருக்கிறீர்களே என்று கேட்டிருப்பாய். கட்டைகளை அடுக்கிவிட்டு, நீ கேட்பதற்குக் கொஞ்ச நேரம் காத்திருப்பது போல் நின்றேன். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். 'டக்.' அதே இரைச்சல்.

சனிக்கிழமை லோகனை வரவழைத்தேன். பெட்டாலிங் ஜெயாவில் ஹைஃபை கடை வைத்திருப்பவர், உனக்குத் தெரியும். அவரும் கேட்டார். "அங்கிள், உங்க கரண்டே அழுக்கா இருக்கு லா. கேபிள் என்ன செய்யும்?" என்றார். பக்கத்தில் எழுந்திருக்கும் புதிய அடுக்குமாடியின் லிப்டும் ஏர்கோனும் லைனைக் கெடுக்கின்றனவாம். மெயின் பெட்டியிலிருந்து செட்டுக்கு மட்டும் தனி லைன் இழுத்தால்தான் சுத்தமான கரண்ட் வரும் என்கிறார். அதற்குச் சமையலறைச் சுவரை உடைக்க வேண்டும். உன் மசாலா அலமாரியும் அதன் கீழே இருக்கும் மேடையும் போகும். இப்போது யாரும் சமைப்பதில்லை, அதனால் தொந்தரவு இருக்காது. செப்டம்பர் 10ஆம் தேதி ஆட்கள் வருகிறார்கள்.

லோகன் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. அவர் போன பிறகு அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை என்பது மறுநாள் வாழையிலைக் கடையில் சாப்பாடு கேட்க வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. குரல் கரகரத்தது. "அக்கா எங்க அண்ணே, ஆளையே காணோம்?" என்றான் கடைக்காரன். தங்கை வீட்டில் என்றேன். பொட்டலமாகத் தாப்பாவ் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்தால் இன்னும் கேட்பான்.

நீ உன் குறையைச் சொன்னாய். என் குறையும் ஒன்று உண்டு. ஹாலில் ஒரே மாதிரி இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு மாலையாவது நீ வந்து உட்கார்ந்தாயா? நான் தட்டை வைத்ததும் சமையலறைக்குள் போய்விடுவாய். எனக்குப் பிடித்தது உனக்குப் பிடிக்கவில்லை என்று நானும் விட்டுவிட்டேன். தனியாகக் கேட்டுப் பழகினேன். ஆனால் வீட்டில் நீ இருக்கும்போது தனியாகக் கேட்பது வேறு. இது வேறு.

சிவநேசன்


கிள்ளான்
3 செப்டம்பர் 2025

பிரவின் அப்பாவுக்கு,

சுவரை உடைக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். லோகனைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

நாம் அந்த வீட்டுக்கு வந்த புதிது. அந்தத் தடித்த கேபிளை வாங்கி வந்தீர்கள். பாம்பு மாதிரி இருக்கிறதே என்றேன், நினைவிருக்கிறதா? அதை மாட்டுவதற்கு முன் செட் போடும்போதெல்லாம் ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும். நான் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள், எந்த லைனில் என்ன கலக்கிறது என்று காதில் பிடிப்பதுதான் என் பிழைப்பு. ஐஸ்பெட்டி மோட்டார் எடுக்கும்போது உங்கள் ஸ்பீக்கரில் 'டக்' என்று கேட்கும், அது ஓடுகிற வரை இரைச்சல் இருக்கும், மோட்டார் நின்றால் அதுவும் நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே லைன். இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன்.

கேபிளை மாட்டிய அன்று நான் ஐஸ்பெட்டியைக் கழுவுவதற்காக அணைத்து வைத்திருந்தேன். நீங்கள் தட்டைப் போட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் சமையலறைக்கு ஓடி வந்தீர்கள். "புனிதா, கேட்டியா? எல்லாமே மாறிடுச்சு. எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு" என்றீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர். கல்யாணத்துக்குப் பிறகு உங்களை அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் பார்த்ததே இல்லை. கையில் ஈரத் துணியோடு நின்றேன். கேபிள் இல்லை, ஐஸ்பெட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நீங்கள் தட்டை எடுக்கப் போகும்போது நான் சமையலறைக்குப் போய் அணைத்துவிடுவேன். முடிந்ததும் போட்டுவிடுவேன். மறந்தால் சாமான் கெட்டுப்போகுமே என்று ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். வெங்காயம் உரிப்பேன், கீரை ஆய்வேன். அதற்குத்தான் அங்கே போனேன். பிடிக்காமல் போகவில்லை. உங்கள் தவில் தட்டு எனக்கு மனப்பாடம்.

ரமணி விழுந்த அன்றும் அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். போட மறந்து ஓடிவிட்டேன். இத்தனை வருடத்தில் அந்த ஒரு தடவைதான்.

இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதாததற்குக் காரணம், எனக்குப் பயம். சொல்லிவிட்டால் ஐஸ்பெட்டியை நீங்களே அணைத்துக்கொள்வீர்கள். சாப்பிடக் கடை இருக்கிறது, துணிக்கு மிஷின் இருக்கிறது. நான் இல்லாமல் அந்த வீட்டில் குறைந்து போனது இந்த ஒன்றுதான் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். அதையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை? ஆனால் அந்தச் சுவரை உடைத்தால் என் சமையலறையே இருக்காது. இரண்டில் இது பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

கேபிள் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது.

புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
9 செப்டம்பர் 2025

புனிதா,

ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் எதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கேபிளைப் பற்றி எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன் தெரியுமா? லோகன் கடையில் வைத்து, என் காதால் கேட்டேன், என் மனைவி சாட்சி என்று சொன்னவன் நான். என் பேச்சை நம்பி அதே கேபிளை வாங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கையோடு வருகிறவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். என் வீட்டுச் சமையலறையில் வருடக்கணக்காக நாடகம் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

முட்டாள் ஒருவன் கண்ணை மூடி ரசிப்பதைப் பார்த்து நீ சிரித்திருக்க வேண்டும். ஐஸ்பெட்டியை நான் தொடவில்லை. தொடவும் மாட்டேன். செட்டையும் போடவில்லை.

சிவநேசன்


கிள்ளான்
22 செப்டம்பர் 2025

பிரவின் அப்பாவுக்கு,

சிரிக்கவில்லை. ஒரு நாள்கூடச் சிரிக்கவில்லை. உங்களுக்கு நான் செய்த நல்லதில் இதுதான் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அது நாடகம் என்று பட்டால் நான் என்ன செய்ய முடியும்? தலைவலிக்கு ஒற்றடம் கொடுத்தவளைத் திருடி என்பது போல் இருக்கிறது.

எனக்கும் கோபம் வந்தது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு ஒரு மாலை, ரமணி டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள். நான் என்னை அறியாமல் எழுந்து சமையலறைக்குப் போய் அவள் ஐஸ்பெட்டியின் சுவிட்சில் கை வைத்துவிட்டேன். நீங்கள் வழக்கமாகத் தட்டு போடும் நேரம். "என்னக்கா செய்யற?" என்று ரமணி படுக்கையிலிருந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அங்கேயே கொஞ்சம் அழுதேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ரமணி வாக்கரை விட்டுவிட்டாள். இனி இங்கே நான் தேவையில்லை. பிரவின் ஈப்போவுக்கு வரச் சொல்கிறான். வீட்டில் அறை இருக்கிறது, தீபாவளிக்கு வந்து அப்படியே தங்கிவிடுங்கள் என்று மருமகளும் சொல்கிறாள். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரே கோமுட்டர், மாறக்கூட வேண்டாம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி இருப்பதற்கு, தூரமாகவே போய்விடலாம் என்று தோன்றுகிறது. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நண்டு ரசம் இருக்கிறதா?

புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
6 அக்டோபர் 2025

புனிதாவுக்கு,

நண்டு ரசம் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்று சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மாலை ஐஸ்பெட்டியை அணைத்தேன். செட்டைப் போட்டேன். முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. தோடி வந்து ஹாலில் உட்கார்ந்தது போல் இருந்தது. 'டக்' இல்லை, இரைச்சல் இல்லை. ஆம்பிளிஃபயரோடு இலவசமாக வந்த சாதாரண கேபிளை மாட்டிக் கேட்டேன். பிறகு தடித்ததை மாட்டிக் கேட்டேன். வித்தியாசம் இருப்பது போல் தோன்றியது. தோன்றியது மட்டும்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் கேட்டேன், அடுத்த தட்டையும் கேட்டேன், அப்படியே போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர். போட மறந்துவிட்டேன். நீ வைத்துவிட்டுப் போனதில் நான் தொடாமல் சேர்த்து வைத்திருந்தது, நண்டு ரசம், கடைசிப் புளிக்குழம்பு, எல்லாம் போய்விட்டது. சளி பிடிக்கட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்திருக்கிறேன், அந்த ரசத்துக்காக. பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். நான் ஒரே ஒரு நாள் அணைத்தேன், அதிலேயே மறந்தேன்.

மறுநாள் மறக்கக் கூடாது என்று தட்டைப் போட்டுவிட்டு உன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்த இடத்திலிருந்து வலது பக்க ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கிறது. இடது பக்கத்தைச் சுவர் மறைக்கிறது. அந்தத் தட்டில் தவில் வலது பக்கம், நாதஸ்வரம் இடது பக்கம். உன் ஸ்டூலில் தவில்தான் கணீரென்று விழுகிறது. நாதஸ்வரம் எங்கோ அடுத்த தெருக் கோயிலில் ஊதுவது போல் இருக்கிறது. அது நாதஸ்வரத் தட்டு, நீ ஏன் எப்போதும் தவில் தட்டு என்கிறாய் என்று உன்னை நான் கேட்டதே இல்லை.

பிளக், ஃபியூஸ், மரக்கட்டை என்று என் காதுக்கு எத்தனை செய்தேன். நீ இத்தனை வருடமும் பாதியைத்தான் கேட்டிருக்கிறாய். ஸ்டூலில் இருந்து எழ முடியவில்லை. பக்கம் முடிந்து ஊசியின் கீழே தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. நீ அந்த இரண்டாவது நாற்காலியில் வந்து உட்கார். ஐஸ்பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், ஸ்டூலில் நான் இருக்கிறேன். உனக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். ஒரு வேலையும் வேண்டாம். கேட்டுக்கொண்டு இரு.

ஈப்போவுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டால் தடுக்க எனக்கு முகமில்லை. வீடு மிகவும் வெறுமையாக இருக்கிறது என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கேபிளைப் பற்றி எழுதிவிட்டேன்.

சிவநேசன்


கிள்ளான்
11 அக்டோபர் 2025

பிரவின் அப்பாவுக்கு,

ஈப்போவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. 16ஆம் தேதி, வியாழக்கிழமை மாலை. பேரப்பிள்ளைகளிடம் சொன்ன சொல்லை மாற்ற முடியாது, தீபாவளிக்கு நான் அங்கே இருப்பேன். அதன் பிறகு என்ன என்று இப்போது என்னைக் கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை ரமணியிடம் படித்துக் காட்டினேன். நண்டு ரசம் வரும் இடத்தில் அவள் சிரித்தாள். ஸ்டூல் வரும் இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை, அவள் வாங்கிப் படித்தாள். வீட்டில் டிவி ஓடாத மாலை அது ஒன்றுதான்.

ஈப்போ ரயிலுக்கு கேஎல் சென்ட்ரலில் இறங்கி மாற வேண்டும். காலையிலேயே கிளம்பி வருகிறேன். இடையில் எனக்கு நேரம் இருக்கிறது, வீடு நடக்கிற தூரம்தான். பெட்டி கனமாக இருக்கும், ஸ்டேஷனுக்கு வந்து தூக்கிக்கொள்ளுங்கள். தட்டின் ஒரு பக்கம் கேட்கும் வரை இருப்பேன். தவில் எனக்குத் தெரியும். நாதஸ்வரம் இத்தனை காலமும் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று கேட்க வேண்டும்.

நடுவில் நான் ஏதாவது பேசுவேன். விரலைத் தூக்கினால் எழுந்து போய்விடுவேன்.

ஐஸ்பெட்டியை அணைக்க மறக்காதீர்கள். போடவும் மறக்காதீர்கள். கொஞ்சம் நண்டு வாங்கி ரசம் வைத்துக் கொண்டுவருகிறேன்.

புனிதா